எட்டு வருஷம் எண்ணெய் தேய்த்த டயர்

எங்கள் முதலாளியிடம் ஒரு புது டயர் எட்டு வருஷம் புதிதாகவே இருந்தது.

அவருக்குத் தென்காசியில் எண்ணெய் மில். நான் அவருடைய கார் டிரைவர். கார் என்றால் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய சீமைக் கார். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஓடுகிற டயர் நாலு, டிக்கியில் ஸ்டெப்னியாக ஒன்று. அந்த ஸ்டெப்னி தரையையே பார்க்காதது. சக்கரம் தரையைப் பிடிக்கிற மேடு பள்ளத்தை நாங்கள் பட்டன் என்போம். அதன் பட்டனுக்கு நடுவில் விரலை வைத்தால் நகம் முழுவதும் மறைந்துவிடும்.

அந்தக் காலத்தில் டயர் என்பது நினைத்த நேரத்தில் கடைக்குப் போய் வாங்குகிற சாமான் இல்லை. மதுரைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் முதலாளி அதைப் பட்டு வேட்டி மாதிரி வைத்திருந்தார். "நல்லத வச்சிருந்துதாம்லே போடணும்" என்பார். வழியில் பஞ்சரானால்கூட அதை எடுக்க விடமாட்டார். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து டியூபைக் கழற்றி, ஒட்டி, காற்றடித்து, அதே பழைய டயரையே திரும்பவும் மாட்டுவேன். டிக்கிக்குள் புது டயர் சும்மா படுத்திருக்கும். காரில் வருகிறவர்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் கீழே பார்ப்பேன்.

எண்ணெய் மில்லில் எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான் வைத்தியம். கதவு கிறீச்சென்றால் எண்ணெய். பிள்ளைக்கு வயிறு வலித்தால் தொப்புளில் எண்ணெய். முதலாளிக்குக் கோபம் வந்தால் முதலாளியம்மா அவர் உச்சந்தலையில் எண்ணெய் வைப்பார். அப்படியிருக்க, பூட்டிக் கிடக்கிற டயர் காய்ந்துபோகக் கூடாது என்று அதற்கும் மாதம் ஒரு நாள் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். நல்லெண்ணெய். செக்கிலிருந்து அப்போது இறக்கியது. தேய்க்கிறவன் நான். தேய்த்ததும் அது எருமைக் கன்று மாதிரி பளபளக்கும். ஆயுத பூஜைக்கு அதை வெளியே எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மில்லின் தராசுக்கும் கணக்குப் பெட்டிக்கும் நடுவில் நிறுத்துவோம். ஓடித் தேய்ந்த நாலு டயருக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்குவதோடு சரி.

அந்த நாலும் இதற்குள் இரண்டு தடவை மேல் ரப்பர் ஒட்டி வந்து, மறுபடியும் மொட்டையாகி இருந்தன. டயர் போய்விட்டது என்பதை நான் பல விதத்தில் தெரிந்துகொள்வேன். முதலாளி வீட்டு வாசலில் காலையில் சாணி தெளித்த ஈரத்தில் காரை எடுத்தால் முன்பெல்லாம் சக்கரத் தடம் கோலம் மாதிரி விழும். பிறகு நாடாவை விரித்த மாதிரி வழவழவென்று விழுந்தது. நனைந்த ரோட்டில் முன்பு சரசரவென்று ஒரு சத்தம் வரும். அதுவும் நின்றுபோயிற்று. ஒரு டயரில் ரப்பருக்கு உள்ளே இருக்கிற நூல் வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

முதலாளிக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான். வெடித்தால் மாற்ற வேண்டும்.

ஒரு சாரல் காலத்தில் மதுரையிலிருந்து வந்த அவருடைய வியாபாரச் சிநேகிதர்கள் நாலு பேரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். அருவிக்குப் போகிற வளைவில் பிரேக்கைத் தொட்டேன். கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் அரைச் சுற்றுச் சுற்றி, தென்காசியைப் பார்த்தபடி நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. பின்னால் இருந்தவர் என் தோளில் தட்டி, "பலே, எறங்குறதுக்கு முன்னாலேயே வண்டியத் திருப்பி நிறுத்திட்டியே" என்றார். திரும்பி வந்து முதலாளியிடமும் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னார். முதலாளி என்னைப் பெருமையாகப் பார்த்தார். அதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். "சரி மொதலாளி" என்று வந்தது.

எனக்கு எப்போதும் அதுதான் வரும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். ஐந்து வருஷமும் வாத்தியார் கேட்டதற்குப் பதில் தெரிந்தும் எழுந்து நின்று சும்மாவே இருந்தவன். தனியாக இருக்கும்போது மனதுக்குள் முதலாளியிடம் டயரைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன். அவர் எதிரில் வந்து நின்றால் தொண்டைக்குள் ஒரு மூடி விழுந்துவிடும். பஞ்சர் ஒட்டுகிற கடைக்காரர் ஒரு நாள், "ரப்பர்ல எண்ணெ பட்டா அரிச்சிரும்வே, சும்மா கெடந்தாலும் பழசானா வெடிப்பு விட்டுரும்" என்று எனக்குச் சொல்லித் தந்தார். அதன் பிறகும் இரண்டு வருஷம், மாதம் ஒரு நாள், நான் அந்த டயருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்காவிட்டால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அப்பா அம்மா இல்லை. மில்லில் புண்ணாக்கு அடுக்குகிற அறையில் ஒரு மூலை என்னுடையது. சாப்பாடு கிளப்புக் கடையில். என் வேட்டி சட்டை தலையணை எல்லாவற்றிலும் புண்ணாக்கு வாசம். முதலாளியம்மாதான் எனக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

முதலில் இலஞ்சியில் ஒரு இடம். பெண்ணின் மாமா என்னிடம் பெயர் கேட்டார். நான் பாயைப் பார்த்தேன். முதலாளி என் பெயரைச் சொன்னார். ஊர் கேட்டார். அதையும் முதலாளியே சொன்னார். மறுநாள், "பையனுக்கு வாய் வராதுன்னு முன்னாலயே சொல்லிருக்கலாம்லா" என்று ஆள் வந்துவிட்டது. அடுத்தது பண்பொழி. இந்தத் தடவை எப்படியும் பேசிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பெண்ணின் தாத்தா, "வேலையெல்லாம் எப்படிப்பா போகுது?" என்றார். "சரி மொதலாளி" என்றேன். "நாங்க கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்றார். "சரி மொதலாளி" என்றேன். அவர்கள் என் வாயைப் பற்றிக் குறை சொல்லவில்லை. புத்தியைப் பற்றிச் சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாவது சுந்தரபாண்டியபுரம். சொந்தக் கிணறும் கொஞ்சம் வயலும் உள்ள குடும்பம். பெண்ணுக்கு அம்மா இல்லை. அப்பாவும், அப்பா கூடப் பிறந்த அத்தையும்தான். இரண்டு இடத்துச் சேதியும் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. "பையன் எங்க முன்னால நாலு வார்த்த பேசணும். பேசுனா மேக்கொண்டு பேசலாம். இல்லன்னா காப்பியக் குடிச்சிட்டுப் போயிரட்டும்" என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள்.

இந்த இடம் தட்டிப் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. மூன்று இடம் தட்டினவனுக்கு நாலாவது இடத்தில் பாய் விரிக்க மாட்டார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அத்தையோடு மில்லுக்கு எள் ஆட்ட வந்திருந்தாள். அத்தை புண்ணாக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் கைப் பம்பால் காருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, "நூத்தி எழுவது அடி" என்று அத்தையிடம் சொன்னாள். பொழுது போகாமல் எண்ணியிருக்கிறாள். நான் எவ்வளவோ வேலை செய்திருக்கிறேன், அதுவரை யாரும் எண்ணியதில்லை.

பெண் பார்க்கப் போகிற நாள் ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஒரு வாரமாக முதலாளியம்மா எனக்கு நாலு வாக்கியம் சொல்லித் தந்திருந்தார். கும்பிடுதேன், வெள்ளாமை எப்படி, கிணத்துல தண்ணி கெடக்கா, இந்தப் பக்கம் மழை உண்டா. நான் புண்ணாக்கு மூட்டைகளிடம் வெள்ளாமை எப்படி என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன்.

காலையில் முதலாளி காரைச் சுற்றி வந்தார். நூல் தெரிகிற டயரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, பொண்ணு வீட்டுக்காரன் மொதல்ல சக்கரத்தத்தான் பாப்பான். இதக் கழத்திட்டுப் புதுசப் போடு. இன்னைக்கு இல்லாம என்னைக்குப் போடப் போறோம்?"

என் கல்யாணத்துக்காக அந்த டயரையே எடுக்கிறார் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாட்டும்போதுதான் பார்த்தேன். பட்டன் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் பக்கவாட்டில் பனிக்காலத்து உதடு மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு. விரலால் அழுத்தினால் சில இடத்தில் கட்டையாக இருந்தது, சில இடத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. கழற்றிய டயரை ஸ்டெப்னியாக டிக்கியில் வைக்கப் போனேன். அங்கே குலை வாழைப்பழம், குற்றாலத்துப் பலாப்பழம் ஒன்று, எண்ணெய் டின் ஒன்று எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

"அத என்னத்துக்குத் தூக்குத? புது டயரு போட்ட வண்டிக்கு எதுக்குலே ஸ்டெப்னி?" என்றார் முதலாளி.

"சரி மொதலாளி" என்றேன்.

பிற்பகலில் புறப்பட்டோம். முன்சீட்டில் முதலாளி, பின்னால் முதலாளியம்மா. நான் மாட்டு வண்டிகளுக்கு வழிவிட்டு மெதுவாகத்தான் ஓட்டினேன். ஊருக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது டம் என்று ஒரு சத்தம். வயலில் இருந்த கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன.

"எவம்லே வேட்டுப் போடுதான்?" என்று முதலாளி வெளியே எட்டிப் பார்த்தார். அதற்குள் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலைப் பார்த்து இழுத்தது. பிடித்து நிறுத்தினேன்.

டயரின் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே டியூபும் போயிற்று. முதலாளி குனிந்து பட்டனை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அப்படியே இருக்குல்லா! ஒண்ணுகூடத் தேயலயே! பெறகு எப்படிலே வெடிக்கும்?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த பதில். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் திரும்பித் தொண்டைக்குள் போய்விட்டது.

"அவன்ட்டக் கேட்டு என்ன செய்ய?" என்று முதலாளியம்மா இறங்கினார். "பொழுது சாயுது. எப்படிப் போறதுன்னு பாருங்க."

ரோட்டோரம் ஒரு வைக்கோல் படப்பு இருந்தது. டியூப் இல்லாத நேரத்தில் டயருக்குள் வைக்கோலைத் திணித்து வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்த்த லாரிக்காரர்களின் கதையை நான் கேட்டிருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் போய் வைக்கோலை உருவிக்கொண்டு வந்தேன். முதலாளி, "இவன் எதுக்கு இப்ப மாட்டுக்குத் தீனி எடுக்கான்?" என்று மனைவியிடம் கேட்டார். நான் டயரைக் கழற்றி, வைக்கோலைப் புரியாகத் திரித்து இறுக்கி அடைத்து, கிழிசலின் மேல் வாழைக்குலை கட்டிய தும்புக் கயிற்றால் சுற்றினேன். பார்க்க அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்டது போல இருந்தது. என் வெள்ளை வேட்டி சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

நடக்கிற வேகத்தில் போனோம். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் ஊர் திரும்புகிற நேரம் அது. முதலில் ஒரு வெள்ளைப் பசு பக்கத்தில் வந்து மோந்து பார்த்தது. கிழிசலில் நீட்டிக்கொண்டிருந்த வைக்கோலை ஒரு கவ்வுக் கவ்வி இழுத்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வர, அது அடுத்த வாய்க்குக் காத்திருந்தது. பிறகு இன்னொன்று. ஊர் எல்லையைத் தொடும்போது எங்களுக்குப் பின்னால் பதினைந்து மாடுகள் வந்துகொண்டிருந்தன. முதலாளி துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சீட்டில் தாழ்ந்துவிட்டார்.

"மாப்ள வீட்டுல சீதனமா மாடு பத்திட்டு வாராவ டோய்!" என்று டீக்கடையிலிருந்து ஒருத்தர் கத்தினார்.

பெண் வீட்டு வாசலில் அத்தை நின்றாள். காரைப் பார்த்தாள், மாடுகளைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல மாடு முன்னால நின்னு வண்டிய இழுக்கும். ஒங்க ஊர்ல வண்டி முன்னால நின்னு மாட்ட இழுக்குமோ?" என்றாள்.

உள்ளே பாயில் உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா அமைதியான மனிதர். மீசைக்குள் சிரிப்பை வைத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, வழியில ரொம்பக் கஷ்டமாப் போச்சோ?" என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளிக்கு ஊர்வலம் வந்த அவமானம் ஆறவில்லை. தன்மேல் தப்பில்லை என்று காட்ட வேண்டியிருந்தது.

"புது டயரு அண்ணாச்சி. இன்னைக்குத்தான் போட்டேன். இந்தப் பய ஓட்டுன வேகத்துல வெடிச்சிட்டு" என்றார்.

சொன்ன பிறகுதான் எங்கே இருந்துகொண்டு சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முதலாளியம்மா அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். வார்த்தை போனது போனதுதான்.

"புது டயர ஒரே நாள்ல வெடிக்க ஓட்டுதவன் கையிலயா எங்க புள்ளையக் குடுக்க?" என்றாள் அத்தை. "வாய் வராதுன்னாவ. காலுக்கும் நிதானம் இல்லயா?"

பெண்ணின் அப்பாவின் மீசைக்குள் இருந்த சிரிப்பைக் காணவில்லை. "நீ என்னப்பா சொல்லுத?" என்று என்னைக் கேட்டார்.

நாலு வாக்கியமும் மறந்து போயிற்று. கும்பிடுதேன் கூட நினைவுக்கு வரவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஊமை என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். புத்தி மட்டு என்றாலும் சரி. எட்டு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட நான் சக்கரத்தை ஏற்றியது கிடையாது.

"வேகமில்ல மாமா" என்றேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் பேசியதற்கா, பெண்ணைத் தருவதாக இன்னும் சொல்லாத மனிதரை மாமா என்றதற்கா, தெரியவில்லை. உட்கார்ந்தால் நின்றுவிடும் என்று பயந்து எழுந்துவிட்டேன்.

"வெளிய வாங்க, காட்டுதேன்" என்றேன்.

எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். வெள்ளைப் பசு சாவகாசமாக டயரைத் தின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

"பட்டன் இருக்குன்னு பாத்து ஏமாந்திரக் கூடாது மாமா. இது செஞ்சு எட்டு வருஷத்துக்கு மேலாச்சு. ஓடுனாத்தான் டயரு போகும்னு இல்ல, சும்மா கெடந்தாலும் போகும். இந்தா, இந்த வெடிப்பப் பாருங்க. இங்கன விரல வச்சு அமுக்குங்க. நல்ல ரப்பருன்னா விரல எடுத்ததும் எந்திரிக்கணும். எந்திரிக்கா? இங்கன தொடுங்க, ஒட்டுதா? எண்ணெ. மாசா மாசம் நல்லெண்ணெ."

"தோலுக்கு எண்ணெ நல்லதாச்சே?" என்றார் பெண்ணின் அப்பா. "கெணத்துல தண்ணி எறைக்குத தோல் கூனைக்குப் போடுதோமே."

"தோலுக்கு நல்லது மாமா. ரப்பர அரிச்சிரும். மத்த மூணும் மொட்ட. அது ஓடித் தேஞ்சது. அந்தா, அதுல ஒரு பள்ளமாவது தெரியுதா? தண்ணி போக வழி இல்ல. தண்ணி ரோட்டுல அது ஓடாது, வழுக்கும். அருவி வளைவுல ஒரு தடவ வண்டி அரைச் சுத்து சுத்திட்டு. நான் வேணும்னு திருப்புனேன்னு நெனச்சாவ. நான் திருப்பல."

பேசிக்கொண்டே போனேன். மாடு வைக்கோலை இழுக்க, நான் அதைப் பிடுங்கி உள்ளே தள்ள, நடுநடுவே டயரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையும் வந்தது. காற்று குறைத்து ஓட்டினால் ஓரம் தேயும், கூடுதலாக அடித்தால் நடு தேயும் என்பதைக்கூட விடவில்லை. முதலாளி வாயைத் திறந்தபடி நின்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

அத்தைதான் நிறுத்தினாள்.

"எண்ணெ தேச்சது யாரு?"

"நாந்தான்."

"அரிச்சிரும்னு தெரிஞ்சா தேச்ச?"

"மொத ஆறு வருஷம் தெரியாது. பெறகு தெரியும்."

"தெரிஞ்ச பெறகும் தேச்சியா?"

"ஆமா."

"ஏம்லே?"

"வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "வாய் வராம ஒரு டயரு போச்சு, சரி. நாளைக்கு என் புள்ளைக்கு ஒண்ணுன்னா, அப்பவும் வாய் வரலன்னு நின்னேன்னா நான் யார்ட்டப் போய்ச் சொல்ல?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அத்தையிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். வாசலுக்கே கேட்டது.

"அத்தே, சீசன் தொடங்கிட்டு. அந்த மொட்ட டயரப் போட்டுத்தான் இனியும் ஆள் ஏத்திட்டுக் குத்தாலம் போவாகளாமா? கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதலாளியைப் பார்த்தேன். எனக்குச் சோறு போடுகிறவர். எனக்குப் பெண் கேட்டு வந்தவர். எனக்காக அந்தப் புது டயரையே எடுத்துப் போட்டவர். அவர் முகம் செக்கில் ஆட்டினது மாதிரி இருந்தது. டயரைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதலாளி, நாலு டயரும் மாத்தணும். மாத்தாம நான் வண்டி எடுக்க மாட்டேன்."

வெள்ளைப் பசு இன்னொரு வாய் வைக்கோலை இழுத்தது. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "பாத்தியளா அண்ணாச்சி? ஊமையா இருந்த வரைக்கும் நல்ல டிரைவரா இருந்தான்" என்றார்.

"எட்டு வருஷமா அவன் சரிங்கதக் கேட்டிய. ஒரு தடவ மாட்டேங்கதையும் கேளுங்க" என்றார் முதலாளியம்மா. "அந்த வண்டியில ஒக்காந்து போறது நானுந்தான்."

முதலாளி கொஞ்ச நேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தார். "மதுரைக்கு எழுதுதேன்" என்றார் கடைசியில். "எழுதி வாறது வரைக்கும் இந்த வண்டி இங்கனயே கெடக்கட்டும். இதுல ஏறி நான் இன்னொரு தடவ மாட்டோட போக மாட்டேன்."

பெண்ணின் அப்பா மீசையைத் தடவினார். "அத்தைக்காரி நாலு வார்த்ததான் கேட்டா. நீ நானூறு பேசிட்ட. உள்ள வா மாப்ள" என்றார்.

அன்று தட்டு மாற்றிக்கொண்டோம். முதலாளியும் முதலாளியம்மாவும் பெண் வீட்டு வில்வண்டியில் திரும்பினார்கள். முன்னால் நின்று மாடு இழுத்தது. நான் வண்டிக்குப் பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வந்தேன். தென்காசி வரைக்கும் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். முதலாளியம்மா மட்டும் இரண்டு மூன்று தடவை தனக்குள் சிரித்தார்.

மதுரையிலிருந்து டயர் வரப் பதினொரு நாள் ஆயிற்று. கார் பெண் வீட்டு வாசலில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கார் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. பின்சீட்டில் கோழி ஒன்று முட்டையிட்டது. வண்டியைப் பார்த்துக்கொள்வது டிரைவரின் பொறுப்பு அல்லவா என்று நான் தினமும் சாயங்காலம் மில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். காரைத் துடைப்பேன். துடைத்ததையே துடைப்பேன். அவள் கதவுக்கு உள்ளே இருந்து அத்தையிடம் ஏதாவது கேட்பாள். நான் காரிடம் பதில் சொல்வேன். நடுவில் நின்ற அத்தைக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. நாலாம் நாள், "நீங்க ரெண்டு பேரும் நேராவே பேசித் தொலைங்க" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

டயர் வந்து இறங்கிய அன்று முதலாளிக்கு மகிழ்ச்சி. சீசன் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. நாலு சக்கரம் மாட்ட ஒரு மணி நேரம் போதும். நான் காலையில் தொடங்கினேன். ஒரு நட்டை முறுக்குவேன், துணியால் துடைப்பேன், எழுந்து நின்று பார்ப்பேன், திரும்பக் கழற்றுவேன்.

உச்சி வெயிலில் அத்தை வந்து எதிரில் நின்றாள்.

"என்ன மாப்ள, நாலு சக்கரத்துக்கு ஒரு பகலா?"

"அவசரமா முறுக்குனா வழியில கழண்டுரும் அத்தே."

"சரி, அதுக்காக ஒரே நட்டையா நாலு தடவ முறுக்குவாவ?"

அத்தை எண்ணியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் கதவைப் பார்த்தேன். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.